நெருப்பைப் பார்த்து வந்த இரும்பு

கரமனை, திருவனந்தபுரம்
20 ஜனவரி 2025

கைலாஷ்,

உன் மரப்பெட்டி வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. மாதிரியைக் கழற்றியவர் தன் கையால் குறிப்பு எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், பரிசோதித்தவர் பதிலைக் காலிப் பெட்டியில் வைத்துத் திருப்ப வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் விதி. அதனால் எழுதுகிறேன். போன் செய்யாததன் காரணம் உனக்குத் தெரியும்.

முதலில் வேலையைப் பேசுவோம். கிணற்று வாயில் எரிவாயு மேலே வந்து திரும்பும் வளைவுக் குழாயின் துண்டை அனுப்பியிருக்கிறாய். வாயு எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்று துண்டின்மேல் ஓர் அம்புக்குறி பொறிக்க வேண்டும். நீ பொறிக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் உலோகம் அறுக்கும் ஷைஜு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்பு இல்லாத்த ராமன் ஆணல்லோ மேடம்" என்றான் மலையாளத்தில்; அம்பில்லாத ராமனாம் நீ. ஆய்வகமே சிரித்தது. உன் குறிப்பில் இருப்பது என் தம்பியின் கையெழுத்து என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

திசையை நானே கண்டுபிடித்தேன். துண்டின் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தபோது அதில் வரிவரியாக மேடு பள்ளங்கள் தெரிந்தன. அலை வடிந்த பிறகு சங்குமுகம் மணலில் வரிகள் கிடக்குமே, அப்படியே. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. இருபத்திரண்டு வருடமாக உலோகம் பார்க்கிறேன். இரும்பு மணலைப்போல நடந்துகொண்டதை இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. வாயுவோடு வரும், கோதுமை மாவைவிடப் பொடியான சாம்பல் இதைச் செய்திருக்கிறது. ஆறே வாரத்தில் குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

புதிய வளைவின் உட்புறத்தில் குரோமியம் கலந்த கடினப் பூச்சு போடச் சொல்லி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் வேண்டும். நீங்கள் குழாயின் வெளியே எடுக்கும் வெப்ப அளவு எனக்குப் போதாது. வளைவைத் தாண்டி நேர்க் குழாயில் துளையிட்டு, வாயு ஓட்டத்துக்கு நடுவில் நிற்கும்படி ஓர் உறையிட்ட வெப்பமானிக் கம்பியைப் பொருத்து. உள்ளே உண்மையில் என்ன சூடு என்று தெரியாமல் இந்த உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கிணற்று மேடையில் ஆட்கள் நிற்கிறார்கள். நீயும் நிற்பாய்.

வேலை முடிந்தது. இனி மற்றது. கார்த்திகையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த கையோடு, மீதிக் கர்மங்களுக்கான தர்ப்பைப் புல்லைச் சித்தப்பா மகன் வெங்கிடேஷ் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். "நெருப்பு பத்த வெச்சாச்சுக்கா, விட்டுட்டு இருக்க முடியாது" என்றாய். பத்தாம் நாள் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நான் மறக்கவில்லை.

ராஜஸ்ரீ


குசும்பா முகாம், ஜார்க்கண்ட்
9 பிப்ரவரி 2025

அக்கா,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. நானும் போடவில்லை.

அம்புக்குறி போடாதது என் தவறு. இனி மறக்கமாட்டேன்.

நீ கேட்ட கம்பியைப் பொருத்திவிட்டோம். குழாயில் துளையிட்டு, சுற்றிலும் தடித்த வளையம் வைத்துப் பற்றவைத்தவர் பிச்சைக்கனி. நாகர்கோவிலுக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரை ஊர்க்காரர். விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். முகாமில் என்னைத் தவிரத் தமிழ் பேசும் ஒரே ஆள். கம்பி எதற்கு என்று கேட்டார். உள்ளே இருக்கும் சூட்டை என் அக்கா திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம் என்றேன். "அது செரி. காய்ச்சல் பாக்கணும்னா வாயில குச்சி வைக்காம முடியுமா சார்?" என்றார்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று அம்மா கேட்டதாக வெங்கிடேஷ் சொன்னான். இதை அவளுக்குப் படித்துக் காட்டு.

அம்மா, எங்கள் காலுக்கு அடியில் முந்நூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரிப் படுகை இருக்கிறது. வெட்டி எடுக்க முடியாத ஆழம். அதனால் அதை அங்கேயே வைத்து எரிக்கிறோம். இரண்டு கிணறுகள். ஒன்றின் வழியே ஆக்சிஜனும் நீராவியும் கீழே போகும். கரி முழுதாக எரியப் போதாத அளவுக்குத்தான் கொடுப்போம். அரைகுறையாக எரிந்து எரிவாயுவாகி இன்னொரு கிணற்றின் வழியே மேலே வரும். அதை வைத்து மின்சாரம் எடுக்கலாம், உரம் செய்யலாம். ஒரு மனிதர்கூடக் கீழே இறங்க வேண்டாம். ஆனால் ஆக்சிஜன் கொஞ்சம் கூடி, எரியாமல் மேலே வந்து வாயுவோடு கலந்தால் கிணறு வெடிக்கும். பற்றவைத்த முதல் சில வாரங்களில்தான் அந்த ஆபத்து அதிகம். அந்த அளவைப் பிடித்து நிறுத்தப் பழகியவன் அப்போது இங்கே நான் ஒருவன்தான். முகாமில் முப்பது பேர் இருந்தார்கள்.

அப்பா இருந்திருந்தால் 'போடா' என்றிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

அக்கா, இது உனக்கு. ஒரு நெருப்பைக் காவல் காக்கிறேன். அதை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. பற்றிக்கொண்ட அன்று மேலே எதுவும் மாறவில்லை. நாங்கள் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் அசைந்தது. பிறகு குழாய் மெல்லச் சூடானது. நான் வெளியே போய்த் தரையில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அதன்மேல் ஓர் இலுப்பை மரம், மரத்தடியில் ஆடுகள். அடியில் ஆயிரம் டிகிரி.

பிச்சைக்கனி நீளத் திருப்புளியின் நுனியைக் குழாயில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே ஓடும் சாம்பலின் சத்தம் வரும். "தகரத்துல கடுகு கொட்டுத மாதிரி இருக்கு சார்" என்பார். நானும் கேட்டேன். அப்படித்தான் இருக்கிறது.

கைலாஷ்


கரமனை
15 மார்ச் 2025

கைலாஷ்,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "எந்தாடி இது, ஒரு ஓட்டையில ஊதறான், இன்னொரு ஓட்டையில புகை வரது. இதை நான் நாற்பது வருஷம் அடுக்களையில பண்ணலையா? இதுக்குப் போய் இவ்வளவு படிப்பா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முப்பது பேரா இருந்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

முந்தாநாள் ஆற்றுக்கால் பொங்கலை. துக்க வருஷம் என்பதால் பகவதிக்குப் பொங்கல் வைக்க நம் வீட்டில் அடுப்புக் கூட்டவில்லை. மாடியில் நின்று பார்த்தேன். கோவிலில் ஏற்றிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி, தெருத்தெருவாக வந்து, நம் தெரு முனையையும் தாண்டிப் போயிற்று. கண் எரிந்தது. ஊரே பார்க்கும் நெருப்பு இது. யாருமே பார்க்காத உன் நெருப்பை நினைத்துக்கொண்டேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன்.

வேலை: கம்பியிலிருந்து வரும் வெப்ப அளவுகள் தினமும் கணினியில் வருகின்றன. நினைத்ததைவிட எண்பது டிகிரி அதிகம். நல்லவேளையாகத் தெரிந்தது. பழைய வளைவின் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரும்பின்மேல் கந்தகம் ஏறி முதலில் ஒரு கறுப்புத் தோல் உண்டாகிறது. அந்தத் தோல் இரும்பைக் காக்கும். சாம்பல் வந்து அதைச் சுரண்டிவிடுகிறது. இரும்பு மறுபடியும் தோல் போடுகிறது. மறுபடியும் சுரண்டல். வேதியியலும் உராய்வும் ஆள் மாற்றி ஆள் தின்கின்றன. சுரண்டிய இடங்களில் சில சாம்பல் மணிகள் புதைந்து கிடந்தன. உருண்டையாக, கண்ணாடியாக. பூமிக்குள் உருகி, வரும் வழியில் குளிர்ந்து உறைந்தவை. உன் நெருப்பின் அருகில் இருந்து வந்தவை. நுண்ணோக்கியில் அவற்றைப் பார்த்துவிட்டு ஷைஜுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பூமிடெ கண்ணீர்" என்றான். கவிதை வேண்டாம், துண்டை நேராக அறு என்றேன்.

கடினப் பூச்சிட்ட புதிய வளைவு நன்றாகத் தாங்குகிறது. வாராவாரம் வெளியிலிருந்து ஒலியால் எடுத்து நீ அனுப்பும் தடிமன் அளவுகளில் தேய்மானம் மிகக் குறைவு. இந்த ஆண்டு இறுதிவரை கிணற்று வாய்க் குழாய் தாங்கும் என்று அறிக்கை கொடுத்திருக்கிறேன். என் கையெழுத்தோடு உன் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.

ராஜஸ்ரீ


குசும்பா
6 ஜூலை 2025

அக்கா,

மூன்று மாதமாகப் பெட்டியில் நாலு வரிக் குறிப்புதான் வைத்தேன். நீயும் நாலு வரியில் பதில் வைத்தாய். இந்த முறை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வளைவில் ஒரு குறையும் இல்லை. போட்ட பூச்சு அப்படியே இருக்கிறது. ஆனால் கிணற்று வாய்க்கு அப்பால் தூசியைப் பிடிக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்தபோது, சாம்பலுக்குள் ஏதோ மினுங்கியது. பிச்சைக்கனி ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கொண்டுவந்து சாம்பலில் விட்டார். காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. அவ்வளவும் இரும்பு. போன மாதம் இவ்வளவு இல்லை. வளைவு தேயவில்லை என்றால் இந்த இரும்பு எங்கேயிருந்து வருகிறது?

குழாயின் சத்தமும் மாறியிருக்கிறது. கடுகு கொட்டும் சத்தத்தோடு மெல்லிய விசில் ஒன்று சேர்ந்திருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பிச்சைக்கனியைக் கேட்டேன். "இல்ல சார், பாடுது" என்றார்.

நிறுத்திவிட்டுப் பார்க்கலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அழுத்தம் குறைந்தால் நிலத்தடி நீர் கீழேயுள்ள குகைக்குள் இறங்கும். நெருப்பு செத்துப்போகும். திரும்பப் பற்றுமா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருட வேலை. அவர்கள் ஒரே ஒரு பதில்தான் எழுதினார்கள்: ஆய்வகத்தின் அறிக்கை ஆண்டு இறுதிவரை என்கிறதே. உன் கையெழுத்தைத்தான் எனக்குக் காட்டுகிறார்கள், அக்கா.

வெப்பமானிக் கம்பியின் உறை மங்கிவிட்டதால் அதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதைப் பொருத்தினோம். பழையது பெட்டியில் இருக்கிறது. அம்புக்குறியை இரண்டு முறை பொறித்திருக்கிறேன்.

கைலாஷ்


கரமனை
18 ஜூலை 2025

கைலாஷ்,

கம்பி வந்தது. முன்பக்கம் கண்ணாடிபோல் மழுங்கியிருக்கிறது. எடை போட்டுப் பார்த்தேன். போனது சில கிராம்தான். உன் காந்தத்தில் ஒட்டிய இரும்பு இதிலிருந்து வந்ததில்லை. அடியில், குழாய்ச் சுவரை ஒட்டி இருந்த இடத்தில் மட்டும், சுற்றிலும் ஒரு மெல்லிய பிறை வடிவக் கீறல். ஏன் என்று புரியவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று தலைமை அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். ஆண்டு இறுதிவரை என்று நான் சொன்னது வளைவை அளந்துதான் என்றும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

அந்த மேடையில் வேலையில்லாமல் நிற்காதேடா.

ராஜஸ்ரீ


குசும்பா
27 ஜூலை 2025

அக்கா,

எட்டு மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன். முதல் வார்த்தை "தடிமன்". இரண்டாவது வார்த்தை "கம்பிக்குப் பின்னாடி". சௌக்கியமா என்று கேட்கவில்லை. பின்னணியில் அலைச் சத்தமும் ஒலிபெருக்கியில் மந்திரமும் கேட்டன. ஆடி அமாவாசையன்று கடற்கரையில் நின்றுகொண்டா பேசினாய்?

என் போன் வழக்கம்போல வாயில்காவல் அறைப் பெட்டியில் இருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு நீ அடித்தபோது எடுத்தவன் இந்திக்காரன். நீ தமிழிலேயே பேசியிருக்கிறாய். அவன் பயந்துபோய்ப் பிச்சைக்கனியிடம் கொடுத்திருக்கிறான். அவர் உன்னிடம் "எந்த அக்கா?" என்று கேட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மேடைக்கு ஓடி வந்தார். "சார், ஒங்க அக்கா போன்ல நிக்காவ. சண்ட போடுத சத்தத்துல பேசுதாவ, ஆனா சண்ட இல்ல. சீக்கிரம் வாங்க!"

நீ சொன்னதில் பாதிதான் புரிந்தது. அலையில் நிற்கும் கால், குதிகாலைச் சுற்றிக் குழி, கம்பிதான் கால் என்றாய். போனை வைத்துவிட்டு நான் அளக்கப் போகவில்லை. முதலில் மேடையிலிருந்த ஆட்களை இறக்கினேன். ஆக்சிஜனை நிறுத்தினேன். நைட்ரஜனைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. முள் கீழே இறங்கிய பிறகுதான் தடிமன் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

கம்பியைச் சுற்றி நாங்கள் வைத்த தடித்த வளையத்தின்மேல் எப்போதும் அளந்ததில்லை. அங்கே பற்றவைத்த உலோகம் இருப்பதால் அளவு தவறாக வரும் என்று விட்டுவிடுவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். வளையத்தின் விளிம்பை ஒட்டி, வாயு போகும் திசையில் கருவியை வைத்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அரை அடி தள்ளி வைத்தேன். பதினொன்றரை. திரும்ப வைத்தேன். இரண்டு.

ஆறிய பிறகு அந்தப் பகுதியை வெட்டி எடுத்தோம். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். கம்பி நின்ற துளையை அணைத்தபடி ஒரு பள்ளம். அச்சு அசல் குதிரை லாடம். இரண்டு வால்களும் வாயு போகும் பக்கம் நீண்டு, நுனியில் ஆழமாக இறங்கியிருந்தன. ஒரு சிற்பி வருடக்கணக்கில் தேய்த்ததுபோல் வழவழப்பு. பிச்சைக்கனி வலது வாலின் ஆழமான இடத்தில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். அப்பளம்போல் உடைந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் அவர் கையில் விழுந்தது.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "விசில் அடிச்சது இதுவா?" என்று மட்டும் கேட்டார். தினமும் அவர் காதை வைத்துக் கேட்ட இடத்துக்கும் இதற்கும் ஒரு முழம்.

துண்டை அனுப்பியிருக்கிறேன்.

கைலாஷ்


கரமனை
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கைலாஷ்,

அந்தத் துண்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆய்வகத்தில் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோவில் நடை திறந்ததுபோல் இருக்கிறது. யாரும் கையால் தொடுவதில்லை. ஓட்டையின் ஓரத்தை அளந்தேன். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லை. அந்தக் கால் பங்கு, கீழேயிருந்த அத்தனை அழுத்தத்தையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அமாவாசையன்று நடந்ததைச் சொல்கிறேன். வெங்கிடேஷ் நம் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். அம்மா கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். சங்குமுகத்தில் இப்போது மணல் எவ்வளவு மிச்சம் என்று உனக்குத் தெரியும். சாலையையே கடல் ஒருமுறை தின்றுவிட்டது. இருந்த கொஞ்ச மணலில் ஊரே முன்னோருக்குப் பலி போட வந்திருந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றேன். அலை திரும்பிப் போகும்போது குதிகாலுக்குக் கீழே மணல் ஓடும், கால் கூசும், பின்னால் சாய்வோம். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்.

"பாருடி, நாம நிக்கறதனாலேதான் குழியாறது. சுத்திலும் ஒண்ணும் ஆகலை" என்று அம்மா சிரித்தாள். குனிந்து பார்த்தேன். அவள் காலைச் சுற்றி லாட வடிவத்தில் குழி. பின்னால் இரண்டு வால். வெறும் மணல் தட்டையாக இருந்தது. தண்ணீர் கால்மேல் மோதி, கீழே சுருண்டு, இரண்டு பக்கமும் சுழன்றுகொண்டு பின்னால் போகிறது. அந்தச் சுழல்தான் தோண்டுகிறது. உடனே உன் கம்பியின் அடியில் இருந்த பிறைக் கீறல் கண்முன் வந்தது. தின்னப்பட்டது கம்பியல்ல, கம்பி நின்ற சுவர். சாம்பல் அங்கே சுழன்று சுழன்று இரும்பைக் கடைந்துகொண்டிருக்கிறது. அம்மாவின் கையை விட்டுவிட்டுப் போனைத் தேடினேன். அவள் தள்ளாடினாள். பக்கத்திலிருந்த ஒரு மீனவப் பெண் பிடித்துக்கொண்டாள். பிற்பாடு அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அந்தக் கம்பியைக் கேட்டது நான். வளைவைக் காப்பாற்ற என்று கேட்டேன். அது இல்லாதிருந்தால் அந்த நேர்க் குழாய் வருடக்கணக்கில் இருந்திருக்கும். இதை அறிக்கையில் முதல் வரியாக எழுதிவிட்டேன். உன் அலுவலகம் என்ன நினைத்தாலும் சரி. இனி எந்தக் கிணற்றிலும் கம்பிக்குப் பின்னால் அளக்காமல் ஓட்டக்கூடாது.

உன் நெருப்பு அணைந்துவிட்டதற்காக வருத்தமாக இருக்கிறது. இப்படி எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை.

கார்த்திகையில் அப்பாவின் வருஷாப்திகம், முதல் திவசம். இப்போது வரலாம் அல்லவா?

அக்கா


குசும்பா
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நெருப்பு அணையவில்லை. அணைந்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜன் நிரப்பியாயிற்று, மேலே எல்லாம் மூடியாயிற்று. ஆனாலும் வாரக்கணக்கில் வெப்பம் இறங்கவில்லை. பாறை சூட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறோம். மறு கிணற்றில் நீராவியாக வருகிறது. விடிகாலையில் அது வெள்ளைத் தூண்போல் இலுப்பை மரத்துக்கு மேலே எழும். கிராமத்துக்காரர்கள் தூரத்தில் நின்று கும்பிடுகிறார்கள். முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

இந்த நீராவியோடுதான் கீழே மிஞ்சிய தாரும் கசடும் வெளியே வர வேண்டும். அதை மேலே பிடித்துச் சுத்தம் செய்கிறோம். சரியாகக் கழுவாமல் விட்டால் எல்லாம் நிலத்தடி நீரில் கலந்து கிராமத்துக் கிணறுகளுக்குப் போகும். தண்ணீரை எவ்வளவு, எந்த வேகத்தில் விடுவது என்பது ஒவ்வொரு நாளும் மாறுகிறது. எனக்குப் பதிலாக வந்திருப்பவர் நல்லவர், கற்றுக்கொள்கிறார். இன்னும் பழகவில்லை.

ஆனால் நான் விடுப்பு வாங்கிவிட்டேன். கார்த்திகையில் வருகிறேன். ஒருமுறை நெருப்புக்காக அப்பாவை விட்டு வந்தேன். இந்த முறை அப்படிச் செய்யமாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

பிச்சைக்கனி உன்னை விசாரித்தார். உன் பெயர் தெரியாது. 'கடலக்கா' என்கிறார்.

கைலாஷ்


கரமனை
12 நவம்பர் 2025

அன்புள்ள கைலாஷ்,

வராதே.

கோபத்தில் எழுதவில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். கிராமத்துக் கிணறுகள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அந்தத் தண்ணியைத்தானே அவாள்ளாம் குடிக்கணும்?" என்றாள். ஆமாம் என்றேன். "பழகாதவன் கிட்ட விட்டுட்டு இவன் இங்க வந்து பிண்டம் வெச்சா, அவர் எடுத்துப்பாரோ? அவனை அங்கேயே இருக்கச் சொல்லு."

அடுத்த நாள், சடங்கு செய்துவைக்கும் ராமசுப்ரமணிய வாத்தியார் வந்தார். வெங்கிடேஷ் இப்போது துபாயில் இருக்கிறான், தை மாதம்தான் வருவான். அப்படியானால் வேறு பங்காளி யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். "அது வழக்கமில்லையே மாமி."

"ஓய், கடலுக்குள்ள கொண்டு போய் அவளைப் படிக்க வெச்சவர் அவர்தான். ஊருக்கே குழாய் தாங்குமா தாங்காதான்னு கையெழுத்துப் போடறா. ஒரு புல்லைப் பிடிக்கத் தெரியாதோ?" என்றாள் அம்மா.

கடலுக்குள்ளே யாரும் என்னைப் படிக்கவைக்கவில்லை. ஆடி அமாவாசைக்குப் பிறகு அம்மா எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. வாத்தியார் காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு, மகன் தன் கையால் புல் கொடுத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

அங்கே ஆற்றங்கரையில் தர்ப்பை கிடைக்கும், இல்லாவிட்டால் பிச்சைக்கனியை அனுப்பித் தேடச் சொல். குளித்துவிட்டு, உன் கையால் ஒன்று எடுத்து, அடுத்த பெட்டிக்குள் வை. அழுத்தமானியின் காகிதங்களுக்கு நடுவே வைத்தால் ஒடியாது. குழாய்த் துண்டு ஏதும் இருந்தால் அதையும் அனுப்பு. அதற்கு அம்புக்குறி பொறித்துவிடு.

புல்லுக்கு வேண்டாம். நுனி தெற்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நீராவி தெளிந்த பிறகு வா.

அக்கா